கல்லீரல் எவ்வளவு தாங்கும்?

2012 மார்ச் 9 அன்று இந்தியக் காப்புரிமைக் கட்டுப்பாட்டாளர் பி.எச்.குரியன் பிறப்பித்த ஓர் உத்தரவு, உலகத்தின் பெரிய மருந்து நிறுவனங்களைத் திடுக்கிட வைத்தது. ஜெர்மனியின் பேயர் நிறுவனம் ‘நெக்ஸாவர்’ என்ற பெயரில் விற்றுவந்த சோராஃபெனிப் மாத்திரைக்கு மாதம் 2,80,000 ரூபாய்க்கு மேல் ஆனது. அதே மருந்தை ஐதராபாத்தின் நாட்கோ நிறுவனம் தயாரித்து மாதம் 8,880 ரூபாய்க்கு மிகாமல் விற்கலாம், பேயருக்கு 6 சதவீதம் ராயல்டி கொடுத்தால் போதும் என்றது அந்த உத்தரவு. ஆண்டுக்கு 600 ஏழை நோயாளிகளுக்கு இலவசமாகவும் கொடுக்க வேண்டும். காப்புரிமைச் சட்டத்தின் 84ஆவது பிரிவின் கீழ் நாட்டில் வழங்கப்பட்ட முதல் கட்டாய உரிமம் அதுதான்.

பேயர் சும்மா இருக்கவில்லை. மேல்முறையீடு, சென்னையைத் தலைமையிடமாகக் கொண்டிருந்த அறிவுசார் சொத்துரிமை மேல்முறையீட்டு வாரியத்துக்கு வந்தது. வாரியத்தின் தலைவர், சென்னை உயர் நீதிமன்றத்தின் முன்னாள் நீதிபதி பிரபா ஸ்ரீதேவன். 2013 மார்ச்சில் வாரியம் உரிமத்தை உறுதிசெய்தது. ராயல்டியை மட்டும் 7 சதவீதமாக உயர்த்தியது. அடுத்த ஆண்டு பம்பாய் உயர் நீதிமன்றமும் உச்ச நீதிமன்றமும் அதில் தலையிட மறுத்துவிட்டன.

இந்த வழக்கைப் பற்றி எழுதியவர்கள் விலையைப் பற்றி நிறைய எழுதினார்கள். அந்த மாத்திரையை விழுங்கியவருக்கு என்ன கிடைத்தது என்பதைச் சொன்னவர்கள் குறைவு. முற்றிய கல்லீரல் புற்றுக்கு சோராஃபெனிப் பயன்படும் என்று நிரூபித்த ஆய்வு 2008இல் வெளியானது. 602 நோயாளிகள் பங்கேற்றார்கள். வெற்று மாத்திரை எடுத்தவர்களில் சரிபாதிப் பேர் 7.9 மாதங்களைத் தாண்டி வாழ்ந்தார்கள். மருந்து எடுத்தவர்களில் சரிபாதிப் பேர் 10.7 மாதங்களைத் தாண்டினார்கள். சீனா, தென் கொரியா, தைவானில் நடந்த இன்னொரு ஆய்வில் கணக்கு இன்னும் சுருங்கியது: 4.2 மாதம் என்பது 6.5 மாதமானது. அதாவது, நீதிமன்றம் நீதிமன்றமாக நடந்த அந்தப் போராட்டம் இரண்டரை, மூன்று மாத ஆயுளுக்கானது.

அதைக் கேலியாகச் சொல்லவில்லை. அதற்கு முன்பு கல்லீரலைத் தாண்டிப் பரவிய புற்றுக்கு, ஆயுளை நீட்டும் என்று நிரூபிக்கப்பட்ட மருந்து ஒன்றுகூடக் கிடையாது. மகள் கல்யாணத்தைப் பார்க்க நினைப்பவருக்கு மூன்று மாதம் சின்ன விஷயமும் இல்லை. ஆனால், என்ன விலைக்கு எதை வாங்குகிறோம் என்று தெரிந்து வாங்குவது வேறு, தெரியாமல் நிலத்தை விற்பது வேறு. தமிழ்நாட்டில் பெரும்பாலும் நடப்பது இரண்டாவதுதான்.

ஒரு நோயாளிக்குள் இரண்டு நோய்

உலகம் முழுவதும் 2022இல் ஏறக்குறைய 8,66,000 பேருக்குப் புதிதாகக் கல்லீரல் புற்று வந்தது; 7,58,000 பேர் அந்த ஆண்டு அதனால் இறந்தார்கள். இரண்டு எண்களும் இவ்வளவு நெருக்கமாக இருப்பதே இந்த நோயின் குணத்தைச் சொல்லிவிடும். புற்று இறப்புகளில் இதற்கு மூன்றாம் இடம்.

மார்பகப் புற்று வரும் பெண்ணுக்குப் பெரும்பாலும் மற்ற உறுப்புகள் நன்றாக இருக்கும். கல்லீரல் புற்று அப்படி வருவதில்லை. ஹெபடைட்டிஸ் பி, ஹெபடைட்டிஸ் சி, மது, கொழுப்புக் கல்லீரல் இவற்றில் ஏதோ ஒன்று பத்து, இருபது வருடம் அரித்துத் தழும்பாக்கிய கல்லீரலில்தான் பெரும்பாலும் புற்று முளைக்கிறது. ஆகவே நோயாளி ஒரே நேரத்தில் இரண்டு நோய்களோடு வருகிறார்: ஒன்று புற்று, இன்னொன்று சிரோசிஸ். புற்றுக்குக் கொடுக்கும் மருந்தை உடம்பு பக்குவப்படுத்த வேண்டிய உறுப்பே பாதி செத்துப்போன நிலையில் இருக்கிறது.

புற்றுநோய்ப் பிரிவின் வெளிநோயாளர் அறையில் தினம் நடக்கும் காட்சி இது. மகன் பெரிய ஸ்கேன் உறையை மேசையில் வைத்துவிட்டு, “எங்கெங்க பரவியிருக்கு டாக்டர்?” என்று கேட்கிறார். நுரையீரலில் ஐந்தாறு புள்ளிகள், முதுகெலும்பில் ஒன்று என்று அறிக்கை சொல்கிறது. மருத்துவரோ ஸ்கேனை ஒதுக்கி வைத்துவிட்டு ரத்தப் பரிசோதனைத் தாளைத் தேடுகிறார். பிலிருபின் எவ்வளவு, ஆல்புமின் எவ்வளவு, ரத்தம் உறைய எவ்வளவு நேரம் ஆகிறது? வயிற்றைத் தட்டி நீர் கோத்திருக்கிறதா என்று பார்க்கிறார். பிறகு நோயாளியிடம், “பஸ்ஸை நிறுத்துற மாதிரி ரெண்டு கையையும் முன்னாடி நீட்டுங்கய்யா” என்கிறார். நீட்டிய கைகள் மணிக்கட்டில் சட்டென்று விழுந்து விழுந்து எழுந்தால், கல்லீரல் வடிகட்டத் தவறிய நஞ்சு மூளைக்கு ஏறத் தொடங்கிவிட்டது என்று அர்த்தம்.

இந்த ஐந்து விஷயங்களுக்கும் மதிப்பெண் போட்டு ஏ, பி, சி என்று தரம் பிரிப்பதைத்தான் சைல்டு-பியூ கணக்கு என்கிறார்கள். சிகிச்சையை முடிவு செய்வது பெரும்பாலும் இந்த எழுத்துதான். நுரையீரலில் புள்ளிகளோடு ‘ஏ’ தரத்தில் இருப்பவருக்கு இன்று நல்ல மருந்துகள் இருக்கின்றன. வெளியே எங்கும் பரவாமல் ‘சி’ தரத்தில் கிடப்பவருக்கு, கல்லீரல் மாற்று சாத்தியமில்லை என்றால், புற்று மருந்து எதுவும் உதவாது.

குடும்பங்களுக்கு இது தலைகீழாகத் தெரியும். ‘லங்ஸ்க்குப் போயிடுச்சு’ என்ற சொல்லுக்கு அவர்கள் நடுங்குகிறார்கள். ஆனால், நுரையீரலிலும் அட்ரீனல் சுரப்பியிலும் இருக்கும் சின்னக் கட்டிகள் பல மாதங்கள் எந்தத் தொந்தரவும் செய்யாமல் இருக்கக்கூடும். பரவிய கல்லீரல் புற்றில் பெரும்பாலோர் இறப்பது கல்லீரல் செயலிழப்பாலும், கல்லீரலுக்குள் வளரும் கட்டியாலும்தான். சீனாவில் 338 நோயாளிகளிடம் நடந்து 2022இல் வெளியான ஆய்வு ஒன்று இந்த இடத்தில் முக்கியமானது. லென்வாடினிப் மாத்திரை மட்டும் எடுத்தவர்களின் இடைநிலை ஆயுள் 11.5 மாதம். அந்த மாத்திரையோடு, தொடை வழியாகக் குழாய் செலுத்திக் கல்லீரல் கட்டியின் ரத்த ஓட்டத்தை அடைக்கும் ‘டேஸ்’ சிகிச்சையையும் பெற்றவர்களுக்கு 17.8 மாதம். முற்றிய நிலையிலும் கல்லீரலைத் தனியாகக் கவனிப்பது பலன் தரலாம் என்பதற்கு இது ஒரு சாட்சி.

இன்னொரு குழப்பத்தையும் இங்கேயே தீர்த்துவிடலாம். குடலில் தோன்றிக் கல்லீரலுக்கு வந்த புற்று வேறு. கல்லீரலில் தோன்றி வெளியே போன புற்று வேறு. முதல் வகையில், கல்லீரலில் இருக்கும் கட்டிகளை வெட்டி எடுத்துப் பல ஆண்டுகள் வாழ்பவர்கள் உண்டு. அவர்களைப் பார்த்துவிட்டு, “பக்கத்துத் தெருக்காரருக்கு ஆபரேஷன் பண்ணாங்களே, எங்கப்பாவுக்கு ஏன் பண்ண மாட்டேங்கிறீங்க?” என்று சண்டை போடுபவர்கள் அதிகம். அமெரிக்க முன்னாள் அதிபர் ஜிம்மி கார்ட்டர் பெயரும் அடிக்கடி அடிபடும். 2015இல் அவருடைய கல்லீரலிலும் மூளையிலும் புற்று இருந்தது. மருந்தில் குணமாகி, 2024 டிசம்பரில் நூறு வயதில்தான் இறந்தார். உண்மைதான். ஆனால், அவருக்கு வந்தது மெலனோமா. தடுப்பாற்றல் மருந்துகளுக்கு மிக நன்றாகப் பணியும் புற்று அது. கல்லீரல் செல்லிலேயே தோன்றும் புற்று அவ்வளவு சுலபமாகப் பணிவதில்லை.

கல்லீரல் மாற்று? வெளியே பரவிய பிறகு அது கூடாது. 1996இல் இத்தாலியின் மிலான் நகரில் மாஸ்ஸாஃபெரோ குழு வகுத்த அளவுகோல் இன்றும் அடிப்படையாக இருக்கிறது: 5 செ.மீ.க்கு மிகாத ஒரே கட்டி, அல்லது தலா 3 செ.மீ.க்கு மிகாத மூன்று கட்டிகள். வெளியே பரவியிருக்கக் கூடாது. மாற்றுக் கல்லீரலை உடம்பு நிராகரிக்காமல் இருக்க எதிர்ப்புச் சக்தியை அடக்கும் மருந்து கொடுத்தே ஆக வேண்டும். நுரையீரலில் ஒளிந்திருக்கும் புற்று செல்லுக்கு அதைவிட வசதி வேறென்ன வேண்டும்? தன் கல்லீரலில் பாதியைக் கொடுக்க முன்வரும் மகளிடம் இதைச் சொல்வதுதான் மருத்துவருக்கு மிகக் கடினமான வேலை.

மாத்திரையிலிருந்து ஊசிக்கு

சோராஃபெனிப்புக்குப் பிறகு பத்து வருடம், முதலில் கொடுக்கும் மருந்தாகப் புதிதாக எதுவும் தேறவில்லை. 2018இல் லென்வாடினிப் வந்தது. சோராஃபெனிப்புக்கு அது குறைந்ததில்லை என்று மட்டும்தான் நிரூபணமானது. உண்மையான திருப்பம் 2020இல். அட்டெசோலிசுமாப், பெவாசிசுமாப் என்ற இரண்டு ஊசி மருந்துகளை மூன்று வாரத்துக்கு ஒருமுறை சேர்த்துக் கொடுத்த ஆய்வில் 501 பேர் இருந்தார்கள். அவர்களில் சுமார் பத்துக்கு ஆறு பேருக்குக் கல்லீரலுக்கு வெளியே பரவியிருந்தது. ஊசி போட்டவர்களின் இடைநிலை ஆயுள் 19.2 மாதம், சோராஃபெனிப் எடுத்தவர்களுக்கு 13.4 மாதம். முதல் முறையாக ஒரு மருந்து சோராஃபெனிப்பைத் தோற்கடித்தது. ஒன்று, புற்று செல் போட்டிருக்கும் முகமூடியைக் கிழித்து எதிர்ப்புச் சக்திக்குக் காட்டிக்கொடுக்கிறது. மற்றொன்று, கட்டிக்குப் புது ரத்தக்குழாய் முளைக்காமல் தடுக்கிறது.

இரண்டாவது மருந்தில்தான் ஓர் ஆபத்து. சிரோசிஸ் நோயாளிக்கு உணவுக்குழாயில் ரத்தக்குழாய்கள் புடைத்திருக்கும். பெவாசிசுமாப் கொடுத்தால் அவை வெடித்து ரத்த வாந்தி வரலாம். எனவே, ஊசிக்கு முன் எண்டோஸ்கோப்பி செய்து, புடைப்பு இருந்தால் பேண்ட் போட்டு அடைத்துவிட்டுத்தான் தொடங்க வேண்டும். ‘எங்களுக்குப் புற்றுக்குத்தானே வைத்தியம், வயித்துக்குள்ள எதுக்கு டியூப்?’ என்று இதைத் தட்டிக்கழிக்கும் குடும்பங்கள் உண்டு. தட்டிக்கழிக்கக் கூடாத பரிசோதனை இது.

ரத்தப்போக்கு பயம் உள்ளவர்களுக்கு இன்னொரு ஜோடி இருக்கிறது. ட்ரெமெலிமுமாப் ஒரே ஒரு தவணை, அதன் பிறகு மாதாமாதம் துர்வாலுமாப். இந்த ஆய்வில் இடைநிலை ஆயுள் 16.4 மாதம்தான். ஆனால், ஐந்து ஆண்டு கழித்துப் பார்த்தபோது 19.6 சதவீதம் பேர் உயிரோடு இருந்தார்கள். சோராஃபெனிப் பிரிவில் 9.4 சதவீதம். ஐந்தில் ஒருவர் ஐந்தாண்டு என்பதை 2007இல் எந்தப் புற்று மருத்துவரிடம் சொல்லியிருந்தாலும் நம்பியிருக்க மாட்டார். நிவோலுமாப், இபிலிமுமாப் ஜோடிக்கும் 2025இல் அமெரிக்காவில் அனுமதி கிடைத்திருக்கிறது.

இந்த எண்களைப் படிக்கும்போது ஒன்றை மறக்கக் கூடாது. இந்த ஆய்வுகளில் சேர்த்துக்கொண்டவர்கள் எல்லோரும் அநேகமாக ‘ஏ’ தரக் கல்லீரலோடு, நடமாடிக்கொண்டு இருந்தவர்கள். கண் மஞ்சளாகி, வயிறு வீங்கிப் படுக்கையில் கிடப்பவருக்கு இதே ஊசியைப் போட்டுவிட்டு 19 மாதம் என்று எதிர்பார்ப்பது கணக்கு ஆகாது. சில இடங்களில் அப்படியும் நடக்கிறது என்பது வேதனை. ‘எதாவது செஞ்சுதான் ஆகணும்’ என்று குடும்பம் அழுத்துகிறது. செய்வதற்கு விலை உயர்ந்த ஒன்று கைவசம் இருக்கிறது. கடைசி மூன்று வாரத்துக்குள் போட்ட அந்த ஊசியின் கடனை அடைக்கப் பல வருடம் ஆகும்.

மாத்திரைகளின் பக்கமும் மென்மையானதில்லை. சோராஃபெனிப் எடுப்பவர்களில் பலருக்கு உள்ளங்கையும் பாதமும் சிவந்து, கொப்புளித்து, செருப்புப் போட முடியாமல் ஆகும். யூரியா கலந்த கிரீமை முதல் நாளிலிருந்தே தடவ வேண்டும், தேவைப்பட்டால் மாத்திரையை நான்கிலிருந்து இரண்டாகக் குறைக்கலாம். இதை யாரும் சொல்லாததால், ‘மருந்து ஒத்துக்கலை’ என்று நிறுத்திவிட்டு வீட்டில் உட்கார்ந்துவிடுகிறார்கள்.

விலை என்ற கட்டி

சோராஃபெனிப்புக்கு ஒரு கட்டாய உரிமம் கிடைத்தது. அதன் பிறகு இன்றுவரை இந்தியா இன்னொரு மருந்துக்கு அந்தப் பிரிவைப் பயன்படுத்தவில்லை. பெவாசிசுமாப்புக்கு உள்நாட்டு நிறுவனங்களின் மாற்று மருந்துகள் வந்து விலை இறங்கிவிட்டது. அதன் ஜோடியான அட்டெசோலிசுமாப் இன்னமும் தவணைக்கு லட்ச ரூபாய்க் கணக்கில்தான் பேசுகிறது. 2024 ஜூலை பட்ஜெட்டில் மூன்று புற்று மருந்துகளுக்குச் சுங்க வரி விலக்கப்பட்டது. அவற்றில் துர்வாலுமாப்பும் ஒன்று. 2025 செப்டம்பர் ஜி.எஸ்.டி. மாற்றத்தில் முழு வரிவிலக்கு பெற்ற உயிர்காக்கும் மருந்துகளின் பட்டியலில் அட்டெசோலிசுமாப் இடம்பெற்றது. வரவேற்கத்தக்கதுதான். ஆனால், அடிவிலை மலையாக இருக்கும்போது வரியைக் கழிப்பதால் நெசவாளிக்கோ ஆட்டோ ஓட்டுநருக்கோ அது எட்டிவிடாது.

வேறொரு வழியை மும்பை டாட்டா நினைவு மருத்துவமனை காட்டியது. விஜய் பாட்டீல், குமார் பிரபாஷ் குழுவினர் தலை, கழுத்துப் புற்று முற்றிய 151 நோயாளிகளிடம் நிவோலுமாப்பை வெறும் 20 மில்லிகிராம் அளவில், மூன்று வாரத்துக்கு ஒருமுறை, மலிவான மாத்திரைகளோடு சேர்த்துக் கொடுத்துப் பார்த்தார்கள். வழக்கமான அளவில் பத்தில் ஒரு பங்குகூட இல்லை அது. ஓராண்டு கழித்து உயிரோடு இருந்தவர்கள் 16.3 சதவீதத்திலிருந்து 43.4 சதவீதமாக உயர்ந்தார்கள். முடிவு 2023இல் வெளியானது. இதை அப்படியே கல்லீரலுக்குப் பொருத்திவிட முடியாது. அந்தப் புற்று வேறு, அந்த நோயாளிகளுக்குச் சிரோசிஸ் கிடையாது. ஆனால், கேள்வியைக் கேட்கும் விதத்தைக் கடன் வாங்கலாம். குறைந்த அளவு ஊசி கல்லீரல் புற்றில் எவ்வளவு வேலை செய்யும் என்ற ஆய்வைப் பணம் போட்டு நடத்த எந்த மருந்து நிறுவனத்துக்கும் ஆசை இருக்காது. அரசு மருத்துவக் கல்லூரிகள் இத்தனை உள்ள தமிழ்நாடு நடத்தலாம். நடத்த வேண்டும்.

கீழாநெல்லியின் கதை

பணம் இல்லாதபோதும், பணம் தீர்ந்தபோதும் குடும்பம் போகும் அடுத்த இடம் நாட்டு மருந்து. ‘மஞ்சக்காமாலைக்குக் கீழாநெல்லி’ என்பது நம் ஊரில் பாட்டி சொல்லாத வீடு இல்லை. அதற்கு அறிவியல் வரலாறு ஒன்றும் உண்டு, பலருக்குத் தெரியாது. ஹெபடைட்டிஸ் பி வைரஸைக் கண்டறிவதற்கு வழிதிறந்து 1976இல் நோபல் பரிசு பெற்ற பாருக் புளும்பெர்க், சென்னைப் பல்கலைக்கழகத்தின் எஸ்.பி.தியாகராஜன் குழுவோடு சேர்ந்து கீழாநெல்லியை ஆராய்ந்தார். 1988இல் ‘லான்செட்’ இதழில் முடிவு வந்தது. கீழாநெல்லிப் பொடி சாப்பிட்ட 37 பேரில் 22 பேரின் ரத்தத்திலிருந்து வைரஸின் அடையாளம் மறைந்தது. வெற்று மருந்து எடுத்த 23 பேரில் ஒருவருக்குத்தான். உலகமே திரும்பிப் பார்த்தது. தாய்லாந்து உள்ளிட்ட நாடுகளில் அதைத் திரும்பச் செய்து பார்த்தபோது அந்தப் பலன் கிடைக்கவில்லை.

சென்னை ஆய்வும்கூட வைரஸைப் பற்றியது, புற்றைப் பற்றியது இல்லை. நுரையீரலுக்குப் பரவிய கட்டியைக் கீழாநெல்லி கரைக்கும் என்று தியாகராஜனோ புளும்பெர்க்கோ சொன்னதில்லை. ஏற்கெனவே தள்ளாடும் கல்லீரலுக்கு எந்தப் பொடியும் பாதுகாப்பானது என்று எண்ணுவதும் தவறு. கோவிட் காலத்தில் சீந்தில் கொடிக் கஷாயம் குடித்து கல்லீரல் பாதிக்கப்பட்ட ஆறு பேரைப் பற்றி மும்பை மருத்துவர்கள் 2021இல் எழுதினார்கள். ஆயுஷ் அமைச்சகம் அதை மறுத்தது. அந்த விவாதம் எப்படி முடிந்தாலும், பெயர் எழுதாத டப்பாவில் வரும் சூரணத்தை ‘சி’ தரக் கல்லீரல் உள்ளவருக்குக் கொடுக்க எந்த நியாயமும் இல்லை.

வலிக்கு என்ன செய்வது?

பாஸ்டனில் உள்ள மாசசூசெட்ஸ் பொது மருத்துவமனை 2010இல் வெளியிட்ட ஆய்வு இந்தக் கட்டுரைக்கு நேரடியாகச் சம்பந்தப்பட்டதில்லை. நோயாளிகள் பரவிய நுரையீரல் புற்று உள்ளவர்கள், 151 பேர். பாதிப் பேருக்கு வழக்கமான சிகிச்சை. மீதிப் பேருக்கு அதோடு, முதல் நாளிலிருந்தே வலி நிவாரண மருத்துவக் குழுவின் கவனிப்பு. இரண்டாவது கூட்டத்தில் கடைசிக் கட்டத் தீவிர சிகிச்சைகள் குறைவாக இருந்தன, மனச்சோர்வு குறைவாக இருந்தது. ஆயுள்? 8.9 மாதத்துக்கு எதிராக 11.6 மாதம். வேறு புற்று என்பதை நினைவில் வைத்துக்கொண்டே அந்த இடைவெளியைப் பார்க்கலாம்: 2.7 மாதம். சோராஃபெனிப் கொடுத்தது 2.8 மாதம். ஒன்றுக்காக உச்ச நீதிமன்றம் வரை போனோம். மற்றொன்றை நம் மாவட்ட மருத்துவமனைகளில் கேட்டால் ‘எல்லாம் முடிஞ்ச பிறகு அனுப்புங்க’ என்கிறார்கள்.

கல்லீரல் புற்றின் வலி, கட்டி வளர்ந்து கல்லீரலின் மேலுறையை இழுப்பதால் வருவது. வலது விலாவில் தொடங்கித் தோள்பட்டைக்கு ஏறும். மருந்துக்கடையில் கேட்டால் டைக்ளோஃபெனாக் கொடுப்பார்கள். சிரோசிஸ் உள்ளவருக்கு அது சிறுநீரகத்தைக் கெடுக்கும், வயிற்றில் ரத்தக் கசிவைக் கொண்டுவரும். கல்லீரலுக்கு ஆகாது என்று எல்லோரும் அஞ்சும் பாராசிட்டமால்தான், நாளுக்கு 2 கிராமுக்கு மிகாமல், மருத்துவர் சொல்படி எடுத்தால் இவர்களுக்குப் பாதுகாப்பானது. அது போதாதபோது மார்ஃபின். கல்லீரல் மெதுவாக வேலை செய்வதால் குறைந்த அளவில், நீண்ட இடைவெளியில் தர வேண்டும். மலச்சிக்கல் வந்தால் சித்தம் கலங்கும் என்பதால் கூடவே லாக்டுலோஸ் சிரப். அவ்வளவுதான் நுட்பம்.

கதிர்வீச்சையும் மறந்துவிடுகிறோம். எலும்புக்குப் பரவிய இடத்தில் 8 கிரே அளவில் ஒரே ஒரு தடவை கொடுத்தாலே பெரும்பாலும் வலி தணியும். கனடாவில் 66 நோயாளிகளிடம் நடந்து 2024இல் வெளியான ஆய்வு, வலிக்கும் கல்லீரலுக்கே அந்த ஒற்றைத் தவணையைக் கொடுத்துப் பார்த்தது. ஒரு மாதம் கழித்து 67 சதவீதம் பேருக்கு வலி குறைந்திருந்தது; கதிர்வீச்சு பெறாதவர்களில் 22 சதவீதம் பேருக்கு. மேசையில் ஒரு முறை படுத்து எழுந்தால் முடிந்தது. கோபால்ட் இயந்திரம் உள்ள அரசு மருத்துவமனையிலும் செய்யக்கூடியது.

சட்டபூர்வமாக அபின் விளைவிக்கும் மிகச் சில நாடுகளில் இந்தியா ஒன்று. மத்தியப் பிரதேசத்திலும் ராஜஸ்தானிலும் விளையும் அபினிலிருந்து எடுக்கும் மார்ஃபின், 1985இன் போதைப்பொருள் சட்டக் கெடுபிடியால் நம் நோயாளிகளுக்கே கிடைக்காமல் போனது. திருவனந்தபுரத்தின் மருத்துவர் எம்.ஆர்.ராஜகோபால் போன்றோர் பல ஆண்டு போராடியதன் பலனாக 2014இல் சட்டம் தளர்த்தப்பட்டது. கேரளம் அதற்கு முன்பே, 2008இல், வலி நிவாரணத்துக்குத் தனிக் கொள்கை வகுத்துவிட்டது. தமிழ்நாட்டில் 2021 ஆகஸ்டில் தொடங்கிய மக்களைத் தேடி மருத்துவம் திட்டத்தில் வீடு தேடி வரும் ஆதரவு சிகிச்சையும் சேர்க்கப்பட்டிருப்பது பெரிய விஷயம். வீடு தேடி வரும் செவிலியரின் பையில், ரத்த அழுத்த மாத்திரையோடு மார்ஃபின் மாத்திரையும் இருக்க அரசு வழிசெய்தால் அத்திட்டம் முழுமை பெறும்.

யாரிடம் சொல்வது?

“அப்பாகிட்ட சொல்லிடாதீங்க சார். லிவர்ல வீக்கம்னு சொல்லி வச்சிருக்கோம்.” புற்று மருத்துவர்கள் அதிகம் கேட்கும் வாசகம் இதுவாகத்தான் இருக்கும். அன்பில் சொல்வதுதான்; சந்தேகமில்லை. ஆனால், ‘வீக்கம்’ என்று நம்பிக்கொண்டிருப்பவர், உள்ளங்கால் கொப்புளத்தோடு எதற்காக அந்த மாத்திரையை விழுங்க வேண்டும் என்று கேட்டால் யார் பதில் சொல்வது? எட்டு லிட்டர் நீரை வயிற்றிலிருந்து எடுத்த பிறகும் ஏன் அது திரும்பத் திரும்பச் சேருகிறது என்று கேட்டால்? வீட்டுப் பத்திரத்தை அடகு வைக்கும் முடிவை, அந்த வீட்டைக் கட்டியவரிடம் கேட்காமல் பிள்ளைகள் எடுக்கிறார்கள். அவரைக் கேட்டிருந்தால் வேண்டாம் என்றிருப்பார். அல்லது, போட்டுப் பார்த்துவிடலாம் என்றிருப்பார். எதுவானாலும் அது அவருடைய முடிவு.

எல்லோரிடமும் எல்லாவற்றையும் ஒரே நாளில் கொட்ட வேண்டியதில்லை. ‘உங்க உடம்பைப் பத்தி எவ்வளவு தெரிஞ்சுக்க விரும்புறீங்க?’ என்று கேட்டு, அவர் கேட்கும் அளவுக்குச் சொன்னால் போதும். பல நோயாளிகள் குடும்பம் மறைப்பதை முன்பே ஊகித்திருப்பார்கள். தெரியாததுபோல் நடிப்பது அவர்கள் பங்குக்குக் காட்டும் அன்பு.

சிகிச்சை தொடங்கும் முன் செய்யும் ஒரு பரிசோதனையோடு இதை முடிக்கலாம். தடுப்பாற்றல் ஊசிக்கு முன் நோயாளிக்கு ஹெபடைட்டிஸ் பி இருக்கிறதா என்று பார்ப்பார்கள். இருந்தால் டெனோஃபோவிர் அல்லது என்டெகாவிர் மாத்திரையை முதலில் தொடங்க வேண்டும். இல்லையேல் வைரஸ் வெகுண்டெழுந்து மிச்சமிருக்கும் கல்லீரலையும் அழித்துவிடும். அந்த ரிப்போர்ட் ‘பாசிட்டிவ்’ என்று வந்தால், அது அந்த ஒருவருக்கான செய்தி மட்டும் இல்லை. இந்த வைரஸ் பிரசவத்தின்போது தாயிடமிருந்து பிள்ளைக்கும், கணவன் மனைவிக்கு இடையிலும், ஒரே பிளேடைப் பகிர்வதாலும் பரவுவது. எந்த அறிகுறியும் காட்டாமல் இருபது, முப்பது வருடம் உள்ளே இருக்கும்.

தைவான் 1984இல் பிறந்த குழந்தைகளுக்கு ஹெபடைட்டிஸ் பி தடுப்பூசி போடத் தொடங்கியது. 6 முதல் 14 வயதுக் குழந்தைகளிடம் லட்சத்துக்கு 0.70 ஆக இருந்த கல்லீரல் புற்று, பத்தாண்டுக்குள் 0.36 ஆகக் குறைந்தது. இந்தியாவில் அந்தத் தடுப்பூசி நாடு முழுவதற்கும் விரிந்தது 2011இல்தான். அதாவது, இன்று வேலைக்குப் போகும் வயதில் இருப்பவர்களில் மிகப் பலர் அதைப் போட்டுக்கொள்ளாதவர்கள். 2018இல் தொடங்கிய தேசிய வைரல் ஹெபடைட்டிஸ் கட்டுப்பாட்டுத் திட்டத்தின் கீழ் பரிசோதனையும் மாத்திரையும் அரசு மருத்துவமனைகளில் இலவசம். வீட்டில் ஒருவருக்குக் கல்லீரல் புற்று என்று தெரிந்தால், அவரை அழைத்துப்போகும் அதே நாளில் மனைவி, பிள்ளைகள், உடன்பிறந்தவர்கள் எல்லோரும் ஹெபடைட்டிஸ் பி வைரஸைக் காட்டும் எச்.பி.எஸ்.ஏ.ஜி. பரிசோதனைக்கு ரத்தம் கொடுத்துவிட்டு வாருங்கள். வைரஸ் இருப்பவர் தொடர் சிகிச்சையில் சேரட்டும். இல்லாதவர் தடுப்பூசி போட்டுக்கொள்ளட்டும்.